சாகாத சக்களத்தி

மார்ச் 9

ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மணிக்கு,

நான் லிப்ட் மெக்கானிக்கின் மனைவி. இப்போதைய மனைவி. நீங்கள் அவருடைய முதல் மனைவியின் தங்கை என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. பரிசுப் பொட்டலம் மட்டும் வந்தது. அதன் மேல் உங்கள் கையெழுத்து இருந்தது. எங்கள் வீட்டில் யார் போன் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன்.

நான் சலவைக் கடையில் கறை எடுக்கும் மேஜையில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். எனக்குத் தெரியாத கறையே கிடையாது என்று கொஞ்சம் திமிராகவே இருந்தேன். போன மாதம் முதல் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவருடைய சட்டையின் கைப்பட்டியில் ரோஜா நிறத்தில் ஒரு சொட்டு. உதட்டுச் சாயம் இல்லை, மை இல்லை, பழச்சாறும் இல்லை. வினிகர் வைத்தேன், மஞ்சளாகிவிட்டது. சோப்புத் தண்ணீர் வைத்தேன், மறுபடி ரோஜா நிறம் வந்துவிட்டது. இப்படிப் பச்சோந்தி வேலை காட்டும் கறையை நான் பார்த்ததே இல்லை. காலரை மோந்து பார்த்தால் ஸ்பிரிட் வாசனை.

முந்தாநாள் மறுபடி முதல் சனிக்கிழமை. "ஒரு லிப்ட் மாட்டிக்கிச்சு, போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். லிப்ட் பழுது பார்க்கப் போகிறவர் எதற்குத் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொள்ள வேண்டும்? அதே பஸ்ஸில் பின்பக்கமாக நானும் ஏறினேன். உங்கள் கட்டடத்துக்குள் அவர் போனதைப் பார்த்தேன். வாசலில் இருந்த காவலாளியிடம் விசாரித்தேன்.

"மெக்கானிக் சாரா? மாசாமாசம் வருவாரே. சம்சாரத்தைப் பார்க்க வர்றாரு, பாவம்."

"யோவ், சம்சாரம் நான்தான்யா!"

அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப உள்ள இருக்கறது யாரு?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் நானும் அதையேதான் அவரிடம் கேட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "அவ முழுசா சாகல. கொஞ்சம் இருக்கா" என்றார். எங்கே இருக்கிறாள் என்றேன். "ஒரு பாட்டில்ல. அவ தங்கச்சிதான் பார்த்துக்குது."

எனக்குப் பைத்தியமா, அவருக்கா, உங்களுக்கா? இது என்ன கூத்து என்று எழுதுங்கள். எழுதிவிட்டு நிறுத்தியும் விடுங்கள்.

— மெக்கானிக்கின் மனைவி


மார்ச் 16

அத்தானின் மனைவிக்கு,

உங்கள் கடிதத்தில் சில தவறுகள் இருக்கின்றன. அக்கா 'கொஞ்சம்' இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை இரண்டு மடங்காகிறாள். பாதியை நாங்கள் வெளியே எடுத்துப் போடுகிறோம். போடாமல் விட்டிருந்தால் இந்தக் கட்டடம் கொள்ளாது.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன் அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவள் வயிற்றிலிருந்து எடுத்த கட்டியில் விரல் நகமளவு ஒரு துண்டு, அத்தானின் சம்மதத்தோடு, எங்கள் பேராசிரியரிடம் வந்தது. புது மருந்துகளைச் சோதிப்பதற்காக இப்படிப்பட்ட துண்டுகளை நாங்கள் பாட்டிலில் வளர்ப்போம். பெரும்பாலும் சில வாரங்களில் செத்துவிடும். அக்கா நாற்பது நாளில் போய்விட்டாள், அவளுடைய செல்கள் போகவில்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை நான்தான் அவளுக்கு உணவு மாற்றுகிறேன். உங்களைக் கலக்கிய அந்த ரோஜா நிறத் திரவம்தான் உணவு.

அவளைக் கொன்ற கட்டிதான் சாகாமல் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் தெரியும். ஆனாலும் அது அவளுடைய உயிர். நீங்களும் நானும் ஒரு நாள் போய்விடுவோம், அவள் போகமாட்டாள். சாகாத ஒருத்தியோடு போட்டி போட முடியாது, போடாதீர்கள்.

பொட்டலத்தில் கையெழுத்து மட்டும் வரவில்லை. உள்ளே ஒரு மேஜை விரிப்பும் இருந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து என் கையால் தைத்தது.

— தங்கை


மார்ச் 22

தங்கைக்கு,

அந்த விரிப்பின் மேல்தான் தினமும் சாப்பிடுகிறோம். நன்றி சொல்லவில்லை என்றுதானே மூன்று வருஷமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இதோ, நன்றி.

போட்டி போடாதே என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். செத்தவளோடு போட்டி போடத் தயாராகத்தான் இந்த மனிதருக்குக் கழுத்தை நீட்டினேன். செத்தவள் தப்பே செய்யமாட்டாள், அவளுக்கு வயசாகாது, தொப்பை போடாது, எல்லாம் தெரிந்துதான் வந்தேன். ஆனால் செத்தவளுக்கும் ஒரு நியாயம் உண்டு. இருந்த இடத்தில் இருப்பாள். இவள் வளர்கிறாளே! நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டே, "இந்த மாசம் நல்லா படர்ந்திருக்கா" என்கிறார். ரகசியம் உடைந்த பிறகு மனிதருக்கு வெட்கமும் போய்விட்டது. மூன்று நாள் காய்ச்சலில் நான் கிடந்தபோது பக்கத்து அறையிலிருந்து, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டதோடு சரி. எட்டிப் பார்க்கவில்லை. அங்கே மட்டும் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்கிறார்!

எனக்கு நாற்பது வயசு. இன்னும் முப்பது வருஷம் இருப்பேன் என்று வையுங்கள். முப்பது வருஷத்தில் முந்நூற்று அறுபது முதல் சனிக்கிழமை. கிட்டத்தட்ட முழுசாக ஒரு வருஷத்தை என் ஆயுளிலிருந்து அறுத்து அவளுக்குக் கொடுக்கிறார். அவளுக்கு எதற்கு? அவளுக்குத்தான் நேரம் கொட்டிக் கிடக்கிறதே. தீராமல் வைத்திருக்கிறவளுக்கு ஒரு நாள் என்ன, ஒரு நூறு வருஷம் என்ன, எல்லாம் ஒன்றுதானே? எனக்கு அப்படியா? எண்ணி வைத்த நாளில் ஒன்று குறைந்தால் குறைந்ததுதான். எனக்கு வயிறு எரிகிறது. எரிகிறது என்று சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், மனசில் வைத்துப் புழுங்குவது என் வழக்கமில்லை. அவர் பார்க்க வருவது பாட்டிலையா, இல்லை பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவளையா? 'அத்தான், அத்தான்' என்று எழுதும்போதே உங்கள் பேனா குழைகிறது.

கடைசியாக ஒரு செய்தி. உங்கள் இடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. ஏழு வருஷம் முடிந்ததால் கணவர் மறுபடி சம்மதம் தர வேண்டுமாம். மே முதல் தேதிக்குள் கையெழுத்து வராவிட்டால் பாட்டிலில் இருப்பது, உறைய வைத்திருப்பது எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம். தபால்காரர் அதை என் கையில்தான் கொடுத்தார். அவர் இன்னும் பார்க்கவில்லை. எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

— அவர் மனைவி


மார்ச் 30

அவர் மனைவிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அவர் என்னைப் பார்க்க வரவில்லை. என் கண்ணாடியின் பிரேம் மாறி எட்டு மாதமாகிறது. இன்னும் அவருக்குத் தெரியாது.

நீங்கள் அவரோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறீர்கள். அவர் சட்டையைத் துவைக்கிறீர்கள், அவரோடு சண்டை போடுகிறீர்கள். என்னைப் பார்த்தா உங்களுக்குப் பொறாமை? பொறாமைப்பட வேண்டியது யார் என்று நான் எழுதப் போவதில்லை.

முதல் வருஷம் அவர் வாரா வாரம் வந்தார். இரண்டு மணி நேரம் இருப்பார். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டே அழுவார். லென்ஸை நான் துடைத்துக் கொடுப்பேன். வேலையில் நடந்ததையெல்லாம் பாட்டிலிடம் சொல்வார், எந்த லிப்டில் யார் மாட்டிக்கொண்டார்கள், யார் கூச்சல் போட்டார்கள் என்று. மூன்றாவது வருஷத்திலிருந்து மாதம் ஒரு முறை. அப்புறம் நாற்பது நிமிடம், இருபது நிமிடம். இந்த மாதம் நீங்கள் வாசலில் நின்றிருந்தபோது உள்ளே ஆறு நிமிடம்தான் இருந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா இருக்கால்ல? சரி, அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார். மீதி நேரம் கீழே இயந்திரத்தில் டீ வாங்கிக் குடித்தார். அவர் உங்கள் கணக்கில் ஒரு வருஷத்தைக் கொண்டுவந்து இங்கே கொட்டவில்லை. ஆறு நிமிடத்தைக் கொண்டுவருகிறார்.

அந்த ஆறு நிமிடத்தையாவது அவளுக்கு விடுங்கள். படிவத்தை அனுப்புங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். எனக்கு அவளை விட்டால் உடன்பிறந்தவர் யாரும் இல்லை.

— தங்கை


ஏப்ரல் 12

தங்கைக்கு,

அவரைச் சோதித்துப் பார்த்தேன். படிவம் பற்றி அவரே கேட்பார், கேட்டுக் குதிப்பார் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு நாள், ஷூ கயிறு கட்டிக்கொண்டே, "லேப்ல இருந்து ஏதாவது வந்துச்சா?" என்றார். "வரலையே" என்றேன். "சரி, வந்தா சொல்லு." அவ்வளவுதான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாளைக்கு நான் செத்தால் எனக்கும் இவ்வளவுதானா?

அதனால் நேற்று நானே படிவத்தை எடுத்து நீட்டினேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். இதோடு அனுப்புகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை.

எங்கள் கடையில் துணி வந்ததும் முதல் வேலை, டேக் கட்டுவதுதான். வெள்ளைச் சட்டை எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒரு முறை ஒருவர் இன்னொருத்தர் சட்டையைத் தன்னுடையது என்று அடித்துச் சொல்லி வாங்கிப் போனார். ஒரு வாரம் போட்டுக்கொண்டு ஆபீஸும் போனார். பொத்தான் தன் மனைவி தைத்தது என்று வேறு சத்தியம் செய்தார். காலருக்குள் டேக்கைக் காட்டினதும்தான் வாயை மூடினார். ஆசை வந்துவிட்டால் கண்ணுக்கு எல்லாமே நம்முடையதாகத் தெரியும், அம்மா.

உங்கள் இடத்தில் எத்தனை பாட்டில் இருக்கும்? நூறு? எல்லாவற்றிலும் அதே ரோஜா நிறத் தண்ணீர்தானே? அது உங்கள் அக்காதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? சோதித்துப் பார்க்க ஏதாவது வழி இருக்கும். செய்து, முடிவை எனக்கு எழுதுங்கள். அது அவள்தான் என்று தெரிந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். யாரிடம் தோற்றேன் என்றாவது எனக்குத் தெரிய வேண்டாமா?

— மெக்கானிக்கின் மனைவி


ஏப்ரல் 28

உங்களுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான்கு தாளைக் கிழித்துவிட்டேன்.

உங்கள் நிபந்தனையைப் படித்து முதலில் சிரித்தேன். அவமானமாகவும் இருந்தது. இருந்தாலும் செல்லையும் என் எச்சிலையும் சோதனைக்கு அனுப்பினேன். கூடப் பிறந்தவர்கள் என்றால் பொருந்தும். நேற்று முடிவு வந்தது.

அது அக்கா இல்லை. அது ஒரு பெண்ணே இல்லை.

ஏதோ ஒரு ஆணுடைய செல். எங்கேயோ, என்றைக்கோ இறந்துபோனவர். அவருடைய செல்களைப் பல இடங்களில் பல வருஷங்களாக வளர்க்கிறார்கள், எங்கள் கூடத்திலும் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. மூர்க்கமாக வளரும் வகை. ஒரே ஒரு செல் தவறி அடுத்த பாட்டிலில் விழுந்தாலும் போதும், அங்கே இருப்பதை ஓரம் கட்டிவிட்டு அதுவே நிறைந்துவிடும். உறைய வைத்திருந்த குழாய்களையும் சோதித்தோம். எல்லாமே அவர்தான்.

எப்போது நடந்தது என்று எனக்குத் தெரியும். அக்கா போன மூன்றாவது மாதம். அவளுடைய பாட்டில் மங்கிக்கொண்டே வந்தது. செல்கள் சுருங்கி மிதக்க ஆரம்பித்திருந்தன. உணவை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட் ஒன்றையே இரண்டு பாட்டிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இங்கே வந்த முதல் நாள் கற்றுக்கொடுக்கும் பாடம். அந்த வெள்ளிக்கிழமை அவளை எப்படியாவது பிழைக்க வைக்க வேண்டும் என்ற அவசரத்தில், அவளுக்கும் பக்கத்துத் தட்டில் இருந்தவருக்கும் ஒரே பிப்பெட்டில் உணவு மாற்றினேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பாட்டிலின் ஒரு மூலையில் பளபளவென்று புதுசாக ஒரு கூட்டம். அக்கா பிழைத்துவிட்டாள் என்று அலறினேன். பேராசிரியர் ஓடி வந்தார். அத்தானை வேலையிலிருந்து கூப்பிட்டேன்.

அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்தது. வடிவம் வேறு மாதிரி இருந்தது. அதை யாரிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. உங்கள் சட்டைக்காரர் போலத்தான் நானும்.

நீங்கள் கேட்டது முழுப் பொய்யும் இல்லை. மற்ற நாள் கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வருவேன். முதல் சனிக்கிழமை மட்டும் தலையை நன்றாக வாரிக்கொள்வேன். அவர் கவனித்ததில்லை. அவர் வருவதற்கு அவள் இருக்க வேண்டியிருந்தது, அதனால் அவளை இருக்க வைத்தேன் போலிருக்கிறது.

வருகிற சனிக்கிழமை அவர் வருவார். எனக்குச் சொல்லத் தைரியமில்லை. மின்சாரம் போய்ச் செத்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றுகூட யோசித்தேன். முடிவை உங்களிடம் விடுகிறேன்.

— தங்கை


மே 1

தங்கைக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்றுச் சாப்பிடும்போது உங்கள் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். தலை வாரிக்கொண்ட கதையை மட்டும் விட்டுவிட்டேன், அந்த அளவுக்கு எனக்கும் மனசாட்சி இருக்கிறது. ஆண் என்றதும் சிரித்துவிட்டார். "ஏழு வருஷமா யார்கிட்டடி பேசிட்டிருந்தேன் நான்?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மூன்று வருஷத்தில் நாங்கள் சேர்ந்து அப்படிச் சிரித்ததே இல்லை. எழுதவே ஆசையாக இருக்கிறது, நான் ஜெயித்துவிட்டேன்!

அப்புறம் கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே இருந்தார். ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடியது. வெளியே வந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். நான் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருந்தேன்.

மே தினத்திலும் வேலைக்குப் போகிறவர், இன்றைக்குப் போகவில்லை.

— அவர் மனைவி


மே 4

அக்காவுக்கு,

இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தார். மைக்ரோஸ்கோப் பக்கம் போகவில்லை. நடைபாதையில் நின்றுகொண்டு, "உண்மையா அவ எப்ப செத்தா?" என்று கேட்டார்.

பழைய குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கொஞ்சம் இருந்திருக்கிறாள், திங்கட்கிழமை இல்லை. நடுவில் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம். லேப் பூட்டியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"எங்க போட்டீங்க?"

கழிவை நீராவியில் அவித்துத்தான் வெளியே அனுப்புவோம் என்றேன். பொய் சொல்லவில்லை. தலையை ஆட்டினார். அங்கே இருந்த பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. கிளம்பும்போது என் பக்கம் திரும்பவும் இல்லை. இனி வரமாட்டார்.

— தங்கை


ஜூன் 14

தங்கைக்கு,

நீங்கள் அக்கா என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்கிறேன். முதலில் இங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடைய பழைய அடையாள அட்டையிலிருந்து படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். முகமே தெளிவாக இல்லை. அதைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறார். பற்பசை மூடியை அவள் போடவே மாட்டாளாம். இப்போது இவரும் போடுவதில்லை. பஸ்ஸில் சில்லறைக்காக நடத்துனரோடு மல்லுக்கட்டி நடுவழியில் இறங்கி நடந்தாளாம். அந்தக் கதையைப் பதினாறு முறை கேட்டுவிட்டேன். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிப்டில் மாட்டிக்கொண்டவளை இவர்தான் கதவைப் பிளந்து வெளியே தூக்கினாராம், அப்படித்தான் பழக்கமாம். மூன்று வருஷமாக எனக்கு இது தெரியாது. என்னை எப்படிப் பார்த்தார் தெரியுமா? கிரீஸ் கறையோடு பேண்ட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அந்தக் கதையை யாரிடமாவது சொல்லியிருப்பாரா?

போன வாரம் என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதைவிடக் கொடுமை, நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் எழுதியிருந்தீர்கள், வாராவாரம் வந்தவர் மாதம் ஒரு முறை ஆனார், இரண்டு மணி நேரம் ஆறு நிமிடமானது என்று. அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அவள் எப்போதும் இருப்பாள் என்பதால்தான் அவளைப் பார்க்க அவருக்கு அவசரமே இல்லாமல் போயிருக்கிறது. இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால் அந்த ஆறு நிமிடமும் தேய்ந்து, நீங்கள் போன் செய்தால்கூட, "இந்த மாசம் முடியாதும்மா" என்றிருப்பார். பாட்டிலில் இருந்த ஏழு வருஷமும் அவள் என் வீட்டில் ஒரு அங்குலம்கூட இடம் கேட்கவில்லை. சாகாமல் இருந்தவரைக்கும் அவள் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நான்தான் கறையைக் கண்டுபிடித்தேன், நான்தான் டேக்கைக் கேட்டேன். என் கையாலேயே அவளைச் சாகடித்து, அவரிடம் பொக்கிஷமாக எடுத்துக் கொடுத்துவிட்டேன். இனிமேல் அவளை யாரால் அசைக்க முடியும்?

அதனால் கேட்கிறேன். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். ஒரு குழாய் தப்பித்தது, உறைபெட்டியின் அடியில் கிடந்தது, அது அவள்தான் என்று அவருக்கு எழுதுங்கள். ஒரே ஒரு குழாய். அவர் பழையபடி முதல் சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். தலை வாரிக்கொள்வதானால் வாரிக்கொள்ளுங்கள், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அவளுக்கு உயிர் கொடுங்கள், தங்கச்சி. அவள் செத்துப்போனது எனக்குத் தாங்கவில்லை.

— அக்கா


ஜூன் 25

அக்காவுக்கு,

செய்துவிடத்தான் நினைத்தேன். உங்களுக்காக இல்லை, எனக்காக. ஒரு குழாயை எடுத்து லேபிள்கூட எழுதி ஒட்டினேன், பழைய மை போலத் தெரிவதற்கு விரலால் தேய்த்தும் விட்டேன். அவர் வந்து நிற்கும் இடத்தைத் துடைத்து வைத்தேன்.

அப்புறம் குழாயைக் கழிவில் போட்டுவிட்டேன். போன முறை தெரியாமல் ஒரு அந்நியனை அக்கா என்று கூப்பிட்டேன். ஏழு வருஷம் ஒரு துளிக் கண்ணீர் விடாமல் அவளுக்குச் சோறு போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் அழுகிறேன். பேராசிரியர் இரண்டு வாரம் விடுப்புக் கொடுத்திருக்கிறார். தப்புக்குத் தண்டனை தனியாக வரும் என்றும் சொல்லியிருக்கிறார். வரட்டும். அழ ஆரம்பித்த பிறகுதான் அவள் குரல் எனக்கு ஞாபகம் வருகிறது. கீச்சுக் குரல், அக்கா. காது கிழியும். பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் குரல் எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் செத்தது அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து. அதை அவளிடமிருந்து மறுபடி என்னால் பிடுங்க முடியாது.

உங்களிடம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் உங்களிடம் பதினாறு முறை சொன்ன பஸ் கதையை என்னிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. உங்கள் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். என் சொந்த அக்காவின் கதை. உங்கள் மேல் எனக்கு எவ்வளவு பொறாமை என்று இதற்கு மேல் எழுதினால் நன்றாக இருக்காது.

— தங்கை


ஜூலை 5

தங்கச்சிக்கு,

போன கடிதத்தில் நான் கேட்டதை மறந்துவிடுங்கள். அதைக் கிழித்துப் போடுங்கள்.

நேற்று முதல் சனிக்கிழமை. காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மனசுக்குள் திட்டிக்கொண்டே கடைக்குப் போய்விட்டேன். மத்தியானத்துக்கு மேல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார். கையில் துணி எதுவும் இல்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு."

"என்னத்தைப் பார்க்க?"

நான் வேலையைப் பார்த்தேன். மருந்து நெடியில் வழக்கமாக வரும் இருமல் வந்தது.

"எத்தனை நாளா இருமற?"

"பதினோரு வருஷமா."

"எனக்குத் தெரியாதே."

"கேட்டாத்தானே தெரியும்."

எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி என்னையே பார்த்தார். என் கையை, முதுகை, முன்னால் நரைத்த முடியை, ஒவ்வொன்றாக. ஒரு நாள் இதெல்லாம் இருக்காது என்று அவருக்கு இப்போதுதான் யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் அக்காதான். அந்தப் பார்வைகூட அவள் செத்து எனக்கு வாங்கிக் கொடுத்தது. அதற்கும் எனக்கு வயிறு எரிகிறது, தங்கச்சி. அவளுக்காகப் பார்த்ததில் மிச்சம்தானா எனக்கு என்று நினைத்து நினைத்து எரிகிறது.

ஆனாலும் வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுப்பதாக இல்லை. கடை மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மேஜை மேல் ஒரே ஒரு கோட்டுதான் பாக்கி, கால் மணி வேலை. அதை இரண்டு மணி நேரம் செய்தேன்.

— அக்கா